மஞ்சள் கருவுக்குச் செண்டுமல்லி: புதிதாகக் கோழி வளர்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஓசூர் அடுக்குமாடி வீடுகளுக்கு முட்டை கொண்டுபோய்க் கொடுப்பவர்களுக்கு இரண்டாவது வாரமே ஒரு கேள்வி வந்துவிடும். "அண்ணா, நாட்டு முட்டைன்னு சொன்னீங்க, கரு இப்படி வெளுத்துக் கிடக்கே?" முட்டை உண்மையிலேயே நம் கோழி போட்டதாக இருக்கும். சத்திலும் குறை இருக்காது. ஆனாலும் பதில் சொல்லத் தெரியாமல் நிற்போம். ராயக்கோட்டைப் பக்கம் அறுபது கோழியோடு ஆரம்பித்தபோது நானும் அப்படித்தான் நின்றேன். இப்போது நூறுக்குக் கொஞ்சம் மேலே வைத்திருக்கிறேன். காய்ந்த செண்டுமல்லி இதழைத் தீவனத்தில் கலந்து கருவுக்கு நிறம் ஏற்றுவது எப்படி என்று கேட்டு வருகிறவர்களுக்கு வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு அடிப்படை. மஞ்சள் கருவின் நிறத்தைக் கோழி தன் உடம்பில் தயாரிப்பதில்லை. அதைத் தீவனத்திலிருந்துதான் எடுத்தாக வேண்டும். லூட்டின், ஸியாசாந்தின் என்ற மஞ்சள் சாயங்களும், மிளகாய் வத்தலில் இருக்கும் கேப்சாந்தின் என்ற சிவப்புச் சாயமும்தான் இதில் முக்கியம். கோழி எதைக் கொத்துகிறதோ அது கருவில் தெரியும். மேய்ச்சலில் இருக்கும் கோழி நாள் முழுக்கப் புல்லும் கீரையும் கொத்துவதால் கரு ஆரஞ்சாக இருக்கிறது. அதே கோழியை வலைக்குள் அடைத்து ராகியும் குருணையும் மீந்த களியும் போட்டால் பத்தே நாளில் வெளுத்துவிடும். ராகியின் செந்நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது தோலில் இருக்கும் வேறு வகைச் சாயம், கருவுக்குப் போகாது. கம்பு, வெள்ளைச் சோளம், அரிசி எல்லாமே இந்த விஷயத்தில் ஏழைகள்தான். தானியங்களில் மஞ்சள் மக்காச்சோளம் ஒன்றில்தான் சொல்லிக்கொள்ளும்படி இருக்கிறது, கிலோவுக்குச் சுமார் 20 மில்லிகிராம். அதுவும் மாதக்கணக்கில் குடோனில் கிடந்தால் குறைந்துகொண்டே போகும்.

நம் மாவட்டங்களில் பங்குனி, சித்திரையில் புல் கருகியதும் மேய்ச்சல் கோழியின் கருகூட வெளுப்பதைக் கவனித்திருப்பீர்கள். காரணம் இதுதான்.

பூவைத் தேடும் முன்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். நான் தாண்டிப் போய்த்தான் பட்டேன்.

ஒரு ஐப்பசி மழையில் கொட்டகையின் உமிப் படுக்கை ஈரமாகிவிட்டது. கருவின் நிறம் மெல்ல இறங்கியது. பூத்தூள் போதவில்லை போலிருக்கிறது என்று அளவை இரண்டு மடங்காக்கினேன். நிறம் இன்னும் இறங்கியது. இன்னும் கொஞ்சம் போட்டேன். பத்து நாள் கழித்து, முட்டை எண்ணிக்கையும் குறைந்த பிறகுதான், எச்சத்தை எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். குடற்புழு இருந்தது, ரத்தக் கழிச்சல் கிருமியும் இருந்தது. இந்தச் சாயங்கள் கொழுப்போடு சேர்ந்துதான் குடல் வழியாக உடம்புக்குள் போகும். குடல் புண்ணாகிக் கிடக்கும்போது எவ்வளவு பூ போட்டாலும் அது எச்சத்தில்தான் போய்ச் சேரும். மருத்துவர் கொடுத்த மருந்தும் காய்ந்த உமியும் போட்ட பிறகு பழைய அளவுப் பூவிலேயே நிறம் திரும்பி வந்தது.

அதனால் திடீரென்று கரு வெளுத்தால் அதைப் பூக்குறையாகப் பார்க்காதீர்கள், நோயின் முதல் சேதியாகப் பாருங்கள். பார்க்க வேண்டிய வரிசை இது:

1. எச்சம் இளகியிருக்கிறதா, ரத்தம் கலந்திருக்கிறதா? குடற்புழு நீக்கி எத்தனை மாதம் ஆகிறது? சந்தேகம் இருந்தால் எச்சத்தைப் பரிசோதித்துவிடுங்கள்.

2. மக்காச்சோளத்தைக் கையில் அள்ளி முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடை வந்தால் அந்த மூட்டை வேண்டாம். பூஞ்சையில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் ஈரலைக் கெடுக்கும், கருவுக்குச் சாயம் போவதையும் குறைக்கும். பெரிய அளவில் வாங்குகிறவர்கள் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இருக்கும் தீவனப் பகுப்பாய்வுக் கூடத்துக்கு மாதிரி அனுப்பலாம்.

3. தீவனத்தில் புதிதாக எதையாவது மாற்றினீர்களா? மக்காச்சோளம் விலை ஏறியதென்று மில்காரர் குருணையைக் கூட்டியிருக்கலாம். கேட்டால்தான் சொல்வார்.

4. நிறம் வெளுக்காமல் பச்சையோ பழுப்போ கலந்த மாதிரி இருந்தால் பருத்திக்கொட்டைப் புண்ணாக்கைச் சந்தேகப்படுங்கள். அதில் உள்ள காசிபால் கருவை அப்படி ஆக்கும், முட்டையை வைத்திருக்க வைத்திருக்க இன்னும் மோசமாகும். மாட்டுக்கு வாங்கியதில் மிச்சத்தைக் கோழிக்குப் போடுகிற வீடுகளில் இது நடக்கும்.

மருந்து விஷயத்தில் ஒன்று. கறிக்கோழிக்கான ரத்தக் கழிச்சல் மருந்துகளில் நைகார்பசின் என்று ஒன்று உண்டு. அதைத் தெரியாமல் முட்டைக் கோழிக்குக் கொடுத்தால் பழுப்பு ஓடு வெளுக்கும், கருவில் திட்டுத்திட்டாக விழும். எந்த மருந்து கொடுத்தாலும் எத்தனை நாள் முட்டையை விற்கக்கூடாது என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

இதெல்லாம் சரியாக இருக்கிறதா? அப்புறம் பூவுக்கு வருவோம்.

எந்தப் பூ, எங்கே வாங்குவது

செண்டுமல்லிதான். நம் பக்கம் தெலுங்கு பேசுகிறவர்கள் பந்திப்பூ என்பார்கள். சாமந்தியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அது வேறு செடி. செண்டுமல்லியிலும் நல்ல ஆரஞ்சு நிறப் பூவில்தான் லூட்டின் அதிகம், எலுமிச்சை மஞ்சளில் குறைவு. நன்றாகக் காய்ந்த இதழ் ஒரு கிலோவில் ஏறத்தாழ 6 முதல் 10 கிராம் வரை சாயம் இருக்கும். மேலே சொன்ன மக்காச்சோளக் கணக்கோடு ஒப்பிட்டால் ஒரு கிலோ இதழ் குறைந்தது முந்நூறு கிலோ மக்காச்சோளத்துக்குச் சமம். ஆனால் இதழில் உள்ள லூட்டின் கொழுப்பு அமிலத்தோடு பிணைந்திருப்பதால் கோழியின் குடல் முழுவதையும் எடுத்துக்கொள்ளாது. கடையில் விற்கும் செண்டுமல்லிச் சாறு பவுடர்களில் காரம் (ஆல்கலி) சேர்த்து அந்தப் பிணைப்பை உடைத்திருப்பார்கள், அதனால் அதில் அளவு குறைவாகப் போதும். நூறு கோழிக்கு அந்தச் செலவு எனக்கு அவசியமாகத் தோன்றவில்லை. ஆயிரத்துக்கு மேல் வைத்திருப்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் பூ மார்க்கெட் பக்கம் போனால் மனசு கஷ்டப்படும். முந்தின நாள் வரை விலை ஏறிய பூவைக் கேட்க ஆளில்லாமல் சாலையோரம் கொட்டிவிட்டுப் போவார்கள். அதைப் பார்த்ததும் சும்மா கிடைக்கிறதே என்று மூட்டை கட்டத்தான் கை போகும். நிறுத்துங்கள். மார்க்கெட்டுக்கு வரும் பூவில் பூச்சிமருந்து எப்போது அடித்தது என்று யாருக்கும் தெரியாது. அந்த மருந்து கருவுக்கும் போகும். தெரிந்த விவசாயியின் தோட்டத்துக்கே போய், கடைசியாக மருந்து அடித்த தேதியைக் கேட்டு, குறைந்தது இரண்டு மூன்று வாரம் மருந்து படாத வயலில் பறித்துக்கொள்ளுங்கள். இன்னும் நல்லது, வீட்டு வரப்பில் ஐம்பது செடி நட்டுவிடுவது.

கோயில் மாலைகளும் வேண்டவே வேண்டாம். மாலையில் செண்டுமல்லியோடு அரளியைச் சேர்த்துக் கட்டுவது நம் ஊர் வழக்கம். அரளி கடும் விஷம், பூ, இலை, தண்டு எல்லாமே. காய்ந்தாலும் விஷம் போகாது. மாலையை உதறிப் பொறுக்கி எடுத்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஒரு கோழி செத்தாலும் எந்தப் பூவால் செத்தது என்று உங்களுக்குத் தெரியாது.

காயவைப்பது

காம்பையும் அடியில் இருக்கும் பச்சைப் பகுதியையும் கிள்ளிவிட்டு இதழை மட்டும் உதிர்த்துக்கொள்ளுங்கள். இது பொறுமையான வேலை. எங்கள் வீட்டில் சாயங்காலம் அம்மா டிவி பார்த்துக்கொண்டே செய்துவிடுவார். இதழை நிழலில், காற்று வரும் இடத்தில், வெள்ளைத் துணி மேல் மெல்லியதாகப் பரப்ப வேண்டும். வெயிலில் போட்டால் ஒரே நாளில் காயும்தான், ஆனால் வெயில் சாயத்தைத் தின்றுவிடும். ஒரு முறை மொட்டை மாடியில் காயவைத்தேன், சாயங்காலம் இதழ் வைக்கோல் நிறத்தில் கிடந்தது. நிழலில் நான்கைந்து நாள் ஆகும். தினம் இரண்டு தரம் புரட்டிவிடுங்கள். கையில் நொறுக்கினால் சரசரவென்று பொடியாக வேண்டும். துவண்டால் இன்னும் ஈரம் இருக்கிறது, அந்த ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும்.

பத்து கிலோ பூவுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ காய்ந்த இதழ் கிடைக்கும். இதழாகவே காற்றுப் புகாத டப்பாவில், இருட்டில் வையுங்கள். இரண்டு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் மிக்சியில் அரைத்துக்கொள்ளுங்கள். பொடியானதும் காற்று பட்டுச் சாயம் வேகமாகக் குறைய ஆரம்பிக்கும். இதழாக வைத்தாலும் மூன்று மாதத்துக்கு மேல் நம்பக்கூடாது.

கலக்கும் அளவு

தொடக்கத்தில் ஒரு கிலோ தீவனத்துக்கு 2 கிராம் இதழ்த்தூள். அதாவது நூறு கிலோ தீவனத்துக்கு 200 கிராம். நூறு முட்டைக் கோழி நாளைக்கு ஏறத்தாழ 11 கிலோ தீவனம் தின்னும், அதற்கு 22 கிராம் தூள். ஒரு கிலோ இதழ் ஒன்றரை மாதம் ஓடும். இதற்கா இவ்வளவு பாடு என்று தோன்றினால் சரிதான், பூ வாங்கும் செலவு மிகக் குறைவுதான், பாடெல்லாம் காயவைப்பதில் இருக்கிறது.

200 கிராம் தூளை நூறு கிலோவில் அப்படியே கொட்டிக் கிளறினால் ஒரு பக்கம் நிறையவும் ஒரு பக்கம் ஒன்றுமில்லாமலும் போகும். முதலில் இரண்டு கிலோ மக்காச்சோள மாவோடு பிசறுங்கள். அதோடு அரை லிட்டர் எண்ணெய் சேர்த்துக் கையால் தேய்த்துவிடுங்கள். பிறகு அதைப் பத்து கிலோவில் கலந்து, அப்புறம் மொத்தத்தில் கலக்க வேண்டும். எண்ணெய் எதற்கென்றால், சாயம் உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும், தூளும் பறக்காது. மளிகைக் கடையில் கிடைக்கும் சாதாரண எண்ணெய் போதும், பலகாரம் சுட்டுக் கறுத்த எண்ணெய் கூடாது. சிக்கு வாடை வந்த கொழுப்பு சாயத்தை அழிக்கும். எண்ணெய் கலந்த தீவனத்தைப் பதினைந்து நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

பலனைப் பார்ப்பது

கரு உருண்டை முட்டையாகும் முன் கடைசிப் பத்து நாளில்தான் வேகமாகப் பெருக்கிறது. அதனால் மூன்றாம் நாளே லேசான மாற்றம் தெரியும், முழு நிறம் வர பத்து பன்னிரண்டு நாள் ஆகும். இடையில் அவசரப்பட்டு அளவைக் கூட்டாதீர்கள்.

பெரிய பண்ணைகளில் 1 முதல் 15 வரை எண் போட்ட நிற விசிறி வைத்துப் பார்ப்பார்கள். 1 வெளிர் மஞ்சள், 15 அடர் ஆரஞ்சு. நமக்கு ஒரு வெள்ளைத் தட்டும் போனும் போதும். கலக்க ஆரம்பிக்கும் முன் மூன்று முட்டையை உடைத்துத் தட்டில் ஊற்றிப் படம் எடுத்து வையுங்கள். ஐந்தாம் நாள், பத்தாம் நாள், பதினான்காம் நாள் மறுபடி அதே ஜன்னலோரம், அதே நேரத்தில் எடுங்கள். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எடுத்தால் எல்லா முட்டையும் அழகாகத்தான் தெரியும். ஒரு முட்டையை வைத்து முடிவு செய்யவும் கூடாது, கோழிக்குக் கோழி நிறம் மாறும்.

பதினான்காம் நாள் போதவில்லை என்றால் 3 கிராமுக்குப் போங்கள். அதிலும் வரவில்லையென்றால் மறுபடி மேலே போய் எச்சம், மக்காச்சோளம் பகுதியைப் படியுங்கள்.

வத்தல், முருங்கை, மற்றவை

செண்டுமல்லி நல்ல மஞ்சளைத் தரும். சிலருக்கு ஆரஞ்சு வேண்டும். அதற்கு வத்தல் தூள் கிலோவுக்கு 1 முதல் 2 கிராம். மஞ்சள் அடித்தளம் ஏறிய பிறகுதான் சிவப்பைச் சேர்க்க வேண்டும். காரம் கோழியை எரிக்காதா என்று எல்லோரும் கேட்பார்கள். பறவைகளின் நரம்பு வத்தலின் காரத்தை நம்மைப் போல உணர்வதில்லை, கிளி மிளகாய்ப் பழம் தின்பது அதனால்தான். எரிச்சல் எல்லாம் கலக்குகிறவருக்குத்தான், மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். சொத்தை வத்தல் மலிவாகக் கிடைக்கும், அதில்தான் பூஞ்சை இருக்கும். முழு வத்தலாக வாங்கி நீங்களே அரையுங்கள். பாக்கெட் தூளில் சூடான் சாயம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. 2006இல் சீனாவில் வாத்து முட்டைக் கருவைச் சிவப்பாக்க இந்தச் சாயத்தைத் தீவனத்தில் கலந்தது கண்டுபிடிக்கப்பட்டுப் பெரிய பிரச்சினை ஆனது. அது புற்றுநோய்ச் சந்தேகம் உள்ள தொழிற்சாலைச் சாயம். ‘கரு கலர் பவுடர்’ என்று லேபிள் இல்லாமல் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

முருங்கை இலையை நிழலில் காயவைத்து நூறு கிலோவுக்கு 3 கிலோ சேர்க்கலாம். 5 கிலோவைத் தாண்டினால் கோழி தீவனம் எடுப்பது குறையும். குதிரைமசால் என்ற தீவனப் பயிர் போட்டிருப்பவர்கள் ஒரு கட்டு கட்டித் தொங்கவிடுங்கள், கொத்திக்கொண்டே இருக்கும், ஒன்றையொன்று கொத்துவதும் குறையும். தண்ணீரில் மிதந்து வளரும் அசோலா நல்லதுதான், கழுவிவிட்டுப் போடுங்கள். சவுண்டல் என்கிற சூபாபுல் இலையில் சாயம் நிறைய உண்டு, கூடவே மைமோசின் என்ற நச்சும் உண்டு. புதியவர்கள் தொடாமல் இருப்பது நல்லது. அகத்தி ஆட்டுக்குப் போடலாம், கோழிக்கு வேண்டாம்.

மஞ்சள் தூள் கருவுக்கு நிறம் தராது. அதில் இருப்பது குர்குமின், கருவில் தங்குகிற வகையில்லை. கேரட்டின் பீட்டா கரோட்டினும் பெரும்பாலும் வைட்டமின் ஏ ஆக மாறிவிடுவதால் கருவுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். ஓட்டின் நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அது ஜாதியைப் பொறுத்தது.

கால், தோல், இறகு

போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கோழியைத் தூக்கியதும் காலைத்தான் பார்ப்பார்கள். மஞ்சள் கால் என்றால் விலை கூடும். சேவலுக்கோ விடைக்கோழிக்கோ கால் நிறம் ஏற வேண்டுமென்றால் விற்கும் முன் குறைந்தது மூன்று வாரம் பூத்தூள் கொடுக்க வேண்டும். ஆனால் மரபு இடம் கொடுத்தால்தான் நடக்கும். வெள்ளைத் தோல் ஜாதிக்கு எவ்வளவு போட்டாலும் கால் மஞ்சளாகாது, கருங்கோழிக்கும் ஆகாது. இதில் ஒரு வேடிக்கை. மஞ்சள் தோலுக்கான மரபணு, வீட்டுக்கோழியின் முக்கிய மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழியிலிருந்து வரவில்லை, சாம்பல் காட்டுக்கோழியிலிருந்து வந்தது என்று 2008இல் ஒரு மரபணு ஆய்வு காட்டியது. அந்தச் சாம்பல் காட்டுக்கோழி தேன்கனிக்கோட்டைக் காடுகளில் இன்றும் கூவிக்கொண்டிருக்கிறது.

முட்டையிடும் கோழியின் கால் வெளுத்தால் பயப்படாதீர்கள். சாயமெல்லாம் கருவுக்குப் போய்விடும். முதலில் ஆசனவாய், பிறகு கண் ஓரம், அலகு, கடைசியில் கால் என்று வெளுக்கும். பழைய ஆட்கள் இதை வைத்தே எது நன்றாக முட்டையிடுகிறது என்று சொல்லிவிடுவார்கள். கூட்டத்தில் ஒரு பெட்டை மட்டும் பளபளவென்று மஞ்சள் காலோடு திரிந்தால் அது முட்டை போடாமல் தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இறகின் நிறம் மாறாது. கோழியின் இறகு நிறம் மெலனினால் ஆனது, அது தீவனத்திலிருந்து வருவதில்லை. கேனரி மாதிரிச் சில பறவைகளுக்கு இறகு உதிர்ந்து முளைக்கும்போது வத்தல் கொடுத்துச் சிவப்பாக்குவார்கள். அதைக் கேட்டுவிட்டுச் சேவலுக்குச் செய்து பார்க்கிறவர்கள் உண்டு.

ஆரோக்கியத்துக்கு என்ன லாபம்

இருக்கிறது, விளம்பரத்தில் சொல்கிற அளவுக்கு இல்லை. லூட்டின் கோழியின் உடம்பில் ஆக்சிஜன் சேதத்தைத் தடுக்க உதவும். அடைக்கு வைக்கும் முட்டையில் அது நிறைய இருந்தால் முட்டைக்குள் வளரும் குஞ்சுக்கும் பாதுகாப்பு. அதனால் நான் அடைக்கு வைக்கும் பெட்டைகளுக்கு மட்டும் பூத்தூளை விடாமல் கொடுக்கிறேன். சாப்பிடுகிறவர்களுக்கும், லூட்டின் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் சத்து, கருவின் கொழுப்போடு இருப்பதால் எளிதில் உடம்பில் சேரும். ஆனால் லூட்டின் வைட்டமின் ஏ ஆக மாறாது. கோழிக்குக் கண்ணில் நீர் வடிந்தாலோ தொண்டையில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலோ செண்டுமல்லி உதவாது. கீரையும் வைட்டமின் கலவையும் கொடுத்து, கூடவே மருத்துவரிடமும் காட்டுங்கள். புரதமும் கால்சியமும் இந்தப் பூவில் இல்லை, தடுப்பூசிக்கும் இது ஈடு கிடையாது.

முட்டை வாங்குகிறவர்கள் கேட்டால் நான் மறைப்பதில்லை. "செண்டுமல்லி போடுகிறேன், அதனால் இந்த நிறம்" என்று சொல்லிவிடுவேன். ஒருவர் மட்டும் முகம் சுளித்தார், மற்றவர்கள் பூவைப் பார்க்கவே பிள்ளைகளோடு தோட்டத்துக்கு வந்தார்கள்.

ஐப்பசியில் காயவைத்த இதழ் தை வரை வரும். அதற்குப் பிறகு வெயில் ஏறி, புல் கருகி, கரு வெளுக்கும் காலம் தொடங்கும்போதுதான் டப்பா காலியாக இருக்கும். அதனால் மார்கழியிலேயே இன்னொரு பாத்தி நாற்று விட்டு வையுங்கள். நட்டு இரண்டு மாதத்தில் பூக்கும்.